மிஞ்சிய நூலில் ஹலோவீன் அலங்காரம் நெய்வது: பனையோலை, பன்னாடை சேர்த்துச் செய்யலாமா?

கொக்குவில்_நூல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து கொக்கி ஊசியால் குறோசே பின்னிக் கொடுக்கிறவள். குழந்தைத் தொப்பி, கால்மேசு, மேசைவிரிப்பு என்று ஓடர் வரும். ஒவ்வொரு வேலை முடியும்போதும் ஒரு பிடி நூல் மிஞ்சும், எறிய மனம் வராது. இப்போது ஒரு உரப்பை நிரம்பிவிட்டது. பெரும்பாலும் அக்ரிலிக், கொஞ்சம் பருத்தி, மிகக் கொஞ்சமாக உண்மையான கம்பளி. சில துண்டுகள் இரண்டு மூன்று முழம் வரும், பல துண்டுகள் விரல் நீளம்தான்.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள், ஒக்ரோபர் 31இல் பிள்ளைகள் வேடம் போடுகிற ஹலோவீனுக்கு வாசலில் மாட்ட ஏதாவது கையால் செய்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறா. அங்கே கடை முழுக்க பிளாஸ்ரிக் பேயும் செயற்கைச் சிலந்தி வலையும்தானாம். ஒரு வருடம் மாட்டினால் அடுத்த வருடம் குப்பைக்குப் போய்விடும். ஊர்ப் பொருளில் செய்தது என்றால் பிள்ளைகள் வருடா வருடம் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுவார்கள் என்று ஆசைப்படுகிறா.

குறோசேக்கு நீள நூல் வேண்டும். முழத்துக்கு ஒரு முடிச்சு விழுந்தால் உருப்படி வடிவாக வராது. நெய்தால் துண்டு நூலும் செல்லும் என்று நினைக்கிறேன், ஆனால் என்னிடம் தறி இல்லை. வளவில் பனை இருக்கிறது, இரண்டு தென்னை இருக்கிறது. வீட்டில் உடைந்த குடை, பழைய சேலை, சிரட்டை எல்லாம் கிடக்கிறது. இவற்றை நூலோடு எப்படிச் சேர்ப்பது? எது அங்கே போய்ச் சேரும் முன்னரே பழுதாகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாவும்_ஊடையும்:

அக்கா, தறி தேவையில்லை. ரீவியோ குளிர்சாதனப் பெட்டியோ வந்த தடித்த கடதாசி மட்டை ஒன்று போதும். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் அரைச் சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டு வெட்டுங்கள். அந்த வெட்டுகளில் நூலை மேலும் கீழுமாகக் கொழுவி இழுத்தால் அதுதான் உங்கள் பாவு. எங்கள் வீட்டில் அம்மம்மா காலத்தில் கைத்தறி ஓடியது. அந்தத் தறிக்கும் இந்த மட்டைக்கும் அடிப்படை ஒன்றுதான்: பாவு இறுக்கமாக நிற்க வேண்டும், அதற்குக் குறுக்காக ஓடுகிற ஊடை இளக்கமாகப் போக வேண்டும்.

பாவுக்குப் பருத்தி முறுக்கு நூல் மட்டும் போடுங்கள். கடையில் பார்சல் கட்டுகிற வெள்ளை நூல் நல்லது. அக்ரிலிக்கைப் பாவாகப் போட்டால் இழுபடும். மட்டையில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, கழற்றியதும் சுருங்கித் துண்டு முறுகிக்கொண்டு நிற்கும். உங்கள் உரப்பையில் இருக்கிற எல்லாம் ஊடைக்குத்தான்.

ஊசிக்கு சாக்கு தைக்கிற சாக்கூசி. அடித்து இறுக்க முள்ளுக்கரண்டி. ஊடையை நேர்கோடாக இழுத்து விடாதீர்கள், வில்லுப்போல மேலே வளைத்து வைத்து அப்புறம் கரண்டியால் அடியுங்கள். நேராக இழுத்தால் இரண்டு பக்கமும் உள்ளே வந்து துண்டு நடுவில் ஒடுங்கிவிடும்.

துண்டு நூலுக்கு முடிச்சுப் போட வேண்டாம். பழைய நூல் முடியும் இடத்தில் நாலைந்து பாவுக்குப் புதிய நூலையும் அதே வழியில் சேர்த்து ஓட்டுங்கள். கரண்டியால் அடித்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மெல்லிய நூல் என்றால் இரண்டு மூன்றை ஒன்றாகப் பிடித்து ஒரு தடித்த நூலாக்கி ஓட்டலாம். கறுப்போடு ஊதா, செம்மஞ்சளோடு மண்ணிறம் என்று சேர்த்துப் பிடித்தால் கடையில் கிடைக்காத நிறம் வரும்.

விரல் நீளத் துண்டுதான் உங்களிடம் இருக்கிற சொத்து. அதைக் குஞ்சமாகக் கட்டுங்கள். இரண்டு பாவுக்கு மேலே துண்டைக் குறுக்காக வையுங்கள். இரண்டு முனையையும் வெளிப்பக்கத்தால் பின்னுக்குக் கொண்டுபோய், இரண்டு பாவுக்கும் நடுவால் முன்னுக்கு எடுத்துக் கீழே இழுங்கள். ஒரு வரிசை குஞ்சம், பிறகு இரண்டு மூன்று வரிசை வெறும் நெசவு, திரும்ப ஒரு வரிசை குஞ்சம். நடுவில் வெறும் நெசவு இல்லாவிட்டால் குஞ்சம் வழுகும். ஆந்தையின் இறகு, பூதத்தின் மயிர், சூனியக்காரியின் தலை எல்லாம் இந்த ஒரு முடிச்சில் வரும்.

ஓலைப்பெட்டி:

தங்கச்சி, நான் பருத்தித்துறைப் பக்கம். பெட்டியும் கடகமும் இழைத்த கை இது, ஆகவே ஓலைக் கதையை நான் சொல்கிறேன்.

நூலோடு சேர்க்க முற்றிக் காய்ந்த காவோலை சரிவராது, மடிக்க வெடிக்கும். இளம் ஓலையான சார்வோலை எடுங்கள். நல்ல வெயிலில் காயவிட்டு, ஈர்க்கை எடுத்துவிட்டு, ஓலை வார்கிற சின்னக் கத்தியான சத்தகத்தால் ஒரே அளவாக வார்ந்து கொள்ளுங்கள். நெய்யப் போகும்போது ஈரத்துணியில் சுற்றி வைத்தால் இளகும். தண்ணீரில் ஊறப்போட்டு அப்படியே நெய்ய வேண்டாம். நனைந்த ஓலை காயும்போது ஒடுங்கும், அப்போது நூலுக்கும் ஓலைக்கும் நடுவில் இடைவெளி விழும்.

ஓலையை ஊடையாகப் போடுங்கள், ஆனால் தொடர்ந்து போட வேண்டாம். ஒரு ஓலை, இரண்டு மூன்று வரிசை நூல், பிறகு ஒரு ஓலை. நூல்தான் ஓலையைப் பிடித்து வைத்திருக்கும்.

நீற்றுப்பெட்டி இருக்கிறதா? புட்டு அவிக்கிற அந்தக் கூம்பைக் கவிழ்த்து வையுங்கள். சூனியக்காரித் தொப்பி வேறு எதற்கு? திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகத்திலும் புதிதாக வாங்கலாம். அதன் பின்னலுக்குள்ளால் சாக்கூசியில் கறுப்பு நூலும் ஊதா நூலும் கோத்து ஓட்டுங்கள். முழுவதும் மூடிவிடாதீர்கள், ஓலை அங்கங்கே தெரிந்தால்தான் அது எங்கே செய்தது என்று பார்க்கிறவருக்கு விளங்கும்.

அப்புறம் இந்த வேலையை ஐப்பசிக்குத் தள்ளிப் போடாதீர்கள். மழை தொடங்கினால் ஓலை ஈரம் இழுக்கும், இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஆவணி, புரட்டாதி வெயிலிலேயே ஓலை வேலையை முடித்து வையுங்கள்.

கொக்குவில்_நூல்:

ஓலைப்பெட்டி அக்கா, நீற்றுப்பெட்டி யோசனைக்கு என்ன சொல்ல! அடுப்படியில் தொங்குகிறது, ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. தொப்பிக்கு விளிம்பு எப்படிச் செய்வது?

பாவும்_ஊடையும் தம்பி, பூசணி உருண்டையாக வர வேண்டும். மட்டையில் நெய்தால் தட்டையாகத்தானே வரும்?

பாவும்_ஊடையும்:

பூசணிக்கு வழி இருக்கிறது அக்கா. அது எனக்கு மிகவும் பிடித்த வேலை, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

24 சென்ரிமீற்றர் நீளம், 12 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு துண்டு நெய்யுங்கள். பாவு நீளப்பக்கம் போக வேண்டும். செம்மஞ்சளில் உங்களிடம் இருக்கிற எல்லா வகையையும் எடுங்கள்: கடும் செம்மஞ்சள், வெளிறியது, மஞ்சள், செங்கல் நிறம். ஒவ்வொரு நிறத்திலும் நாலைந்து வரிசை நெய்து மாற்றுங்கள். ஒழுங்கு தேவையில்லை, கையில் எது வருகிறதோ அது.

முடிந்ததும் பாவு முனைகளைக் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டிக் கழற்றுங்கள். தொடக்கத்து முனைகளை முடிவு முனைகளோடு இரண்டிரண்டாகக் கட்டினால் துண்டு ஒரு குழாயாகும். இப்போது பாருங்கள், நீங்கள் படுக்கையாக நெய்த வரிசைகள் எல்லாம் மேலிருந்து கீழாக நிற்கும். பூசணியின் வரி அதுதான், தனியாக எதுவும் செய்ய வேண்டாம். குழாயின் கீழ் ஓரத்தில் ஊசியால் ஒரு பருத்தி நூல் ஓட்டிச் சுருக்கி இறுக்குங்கள். உள்ளே அடைக்கப் பஞ்சு வாங்க வேண்டாம், வெட்டிப்போட்ட நூல் நுனிகளையே அடையுங்கள். பிறகு மேல் ஓரத்தையும் அதே மாதிரிச் சுருக்குங்கள். அடிமுதல் நுனிவரை நடுவால் ஒரு நூலைக் குத்தி இழுத்தால் மேலும் கீழும் பள்ளம் விழும்.

காம்புக்குப் பனை ஈர்க்கு ஏழெட்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டிச் சேர்த்து, பச்சை அல்லது மண்ணிற நூலால் இறுகச் சுற்றி, அந்தப் பள்ளத்துக்குள் தையுங்கள். ஒரு இலை வேண்டுமென்றால் ஓலையில் மடிக்கலாம்.

தொப்பி விளிம்புக்கு வட்ட நெசவு. மட்டையில் வளையம் வெட்டுங்கள், நடுத்துளை நீற்றுப்பெட்டி வாயின் அளவு. வெளி ஓரத்தில் ஒற்றை எண்ணில் வெட்டு விழ வேண்டும், 35 அல்லது 37. துளைக்குள்ளாலும் வெட்டுக்குள்ளாலும் பாவைச் சுற்றிக்கொண்டு போங்கள். இரட்டை எண் என்றால் இரண்டாம் சுற்றிலும் ஊடை முன்னர் போன நூலுக்கு மேலேயே போகும், நெசவு பூட்டாது. ஒற்றை எண்ணென்றால் சுற்றுக்குச் சுற்று மாறும். மட்டையைக் கழற்ற வேண்டாம், உள்ளேயே இருக்கட்டும், விளிம்பு விறைப்பாக நிற்கும். அடிப்பக்கத்தைக் கறுப்புத் துணியால் மூடித் தைத்துவிடுங்கள்.

ஸ்காபரோ_மாமி:

நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். உங்கள் மச்சாளுக்கு மட்டும் இல்லை, எனக்கும் ஒரு தொப்பி வேண்டும் போல இருக்கிறது பிள்ளை!

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், செய்யும்போது உதவும். ஒக்ரோபர் 31 பின்னேரம் இருட்டும் நேரத்தில் பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக வந்து கதவு தட்டுவார்கள், நாங்கள் இனிப்புக் கொடுப்போம். அலங்காரம் ஒரு மாதம் முன்னரே மாட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே அது மழையும் காற்றும் குளிரும் தாங்க வேண்டும். முகப்புக் கூரைக்குக் கீழே மாட்டினாலும் சாரல் அடிக்கும். அக்ரிலிக் நூலுக்கு ஒன்றும் ஆகாது. கம்பளியும் பருத்தியும் தண்ணீரை இழுத்துப் பாரமாகித் தொங்கும். மட்டை உள்ளே இருக்கிற தொப்பியைக் கதவின் உட்பக்கம் மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று நெருப்பு. பலர் வாசற்படியில் உண்மையான பூசணியைக் குடைந்து உள்ளே மெழுகுதிரி ஏற்றி வைப்பார்கள். ஓலை, தும்பு, அக்ரிலிக் எதுவும் அதற்குக் கிட்ட இருக்கக் கூடாது. அக்ரிலிக் உருகிச் சொட்டும், அந்தச் சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பூசணிக்குள் வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரியில் எரியும் சின்ன எல்ஈடி மாலை போதும். வட்டப் பொத்தான் பற்றரி உள்ளதை வாங்க வேண்டாம், மூடி கழன்று சின்னப் பிள்ளை விழுங்கினால் தொண்டைக்குழாயை அரித்துவிடும். மூடியில் திருகாணி இருக்கிற பெட்டியாகப் பாருங்கள்.

தாவடி_அன்ரி:

நூல் வேலை எனக்கும் பிடிக்கும், ஆகவே குறையாக நினைக்க வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். இந்த அலங்காரத்தில் எலும்புக்கூடு, மண்டையோடு, கயிற்றில் தொங்கும் உருவம் எல்லாம் வரும் என்று படங்களில் பார்த்திருக்கிறேன். அவற்றை நம் கையால் செய்ய வேண்டாம். காணாமற்போன பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு இன்னும் தேடுகிற தாய்மார் இருக்கிற ஊர் இது. அந்த உருவங்களை விளையாட்டாகச் செய்து காயவைத்திருக்கிற முற்றத்தால் அவர்களில் ஒருத்தி நடந்து போனால் எப்படி இருக்கும்?

கொக்குவில்_நூல்:

அன்ரி, நீங்கள் சொல்வது சரி. எலும்பும் மண்டையோடும் செய்யப்போவதில்லை. மச்சாளிடமும் சொல்லிவிட்டேன், அவவும் உடனே சரி என்றா. பூசணி, ஆந்தை, வௌவால், சிலந்தி வலை, தொப்பி, இவ்வளவும் போதும்.

பாசையூர்_வலை:

அன்ரி சொன்னதோடு எனக்கும் முழுச் சம்மதம். நாங்கள் கத்தோலிக்கர், இந்த நாட்களின் தொடர்பைச் சொன்னால் சிலருக்கு உதவும். நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். அதற்கு முந்திய இரவுதான் ஒக்ரோபர் 31. நவம்பர் 2 இறந்த ஆத்துமாக்களுக்கான நாள். அன்றைக்கு நாங்கள் சேமக்காலைக்குப் போய்க் கல்லறை துப்புரவாக்கி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி மன்றாடுவோம். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அந்த முந்திய இரவில் பழைய வழக்கங்கள் சேர்ந்து, பேயை விரட்ட நூல்கோல் போன்ற கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்கா போன பிறகுதான் அது பூசணி ஆனது. ஆகவே பயமுறுத்தும் பக்கம் இல்லாமலும் இதைச் செய்யலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

சிலந்தி வலைக்கு நான் ஒன்று சொல்கிறேன். குருநகரிலும் எங்கள் பக்கத்திலும் கிழிந்த நைலோன் வலைத் துண்டு கேட்டால் தருவார்கள். நன்றாகக் கழுவி, சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டு, வெயிலில் போடுங்கள், மணம் போய்விடும். அந்த வலையை நீள்வட்டமாக வளைத்த கம்பியில் இழுத்துக் கட்டி, கண்களுக்குள்ளால் வெள்ளை நூலும் சாம்பல் நூலும் கோத்துக்கொண்டு போங்கள். எல்லாக் கண்ணையும் நிரப்ப வேண்டாம். மழையில் கிடந்தாலும் வலைக்கு ஒன்றும் ஆகாது. மிஞ்சும் வலையைக் கடற்கரையில் மட்டும் எறியாதீர்கள், ஆமை மாட்டும்.

ஓலைப்பெட்டி:

வலை கிடைக்காதவர்களுக்கு: தென்னை ஈர்க்கு நாலை நடுவில் சேர்த்துக் கட்டி விரித்தால் எட்டுக் கால் வரும். நடுவில் தொடங்கி நூலை ஒவ்வொரு ஈர்க்கிலும் ஒரு முறை சுற்றிச் சுற்றி அடுத்ததற்குப் போங்கள். இது சுற்றுகிற வேலை, ஆகவே ஒற்றை இரட்டைக் கணக்கு இதற்கு இல்லை. பழைய சேலைக் கரையில் இருந்து உருவிய சரிகையை இரண்டு சுற்றுக்கு ஒருக்கால் சேர்த்தால் வெளிச்சம் படும்போது மின்னும்.

பன்னாடையை மறந்துவிட்டோம் பாருங்கள். தென்னை மட்டை அடியில் இருந்து எடுக்கிற பன்னாடையில் இயற்கையிலேயே பாவும் ஊடையும் குறுக்கும் மறுக்குமாக ஓடுகிறது. ஊறவைத்துக் கழுவி, தட்டி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். அதன் இழைகளுக்குள்ளால் வெள்ளை நூலை ஊசியில் ஓட்டிக் கீழே நீளமாகத் தொங்கவிட்டால் ஒரு சின்ன ஆவி. முகம் வைக்க வேண்டாம். இரண்டு கறுப்புத் தெறி (பொத்தான்) தைத்தால் போதும்.

கல்வியங்காடு_ரீச்சர்:

நான் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுக்கிறவள். இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு யோசனை. ஹலோவீன் அலங்காரத்தில் வைக்கோல் பொம்மையும் ஒன்று. நம் தோட்டங்களில் நிற்கிற வெருளிதானே அது! கோப்பாய், நீர்வேலிப் பக்கம் போனால் பழைய சேட்டும், கரிச்சட்டியில் சுண்ணாம்புப் புள்ளியும் வைத்து நிற்கும். அதையே கையளவில் செய்யுங்கள். தலைக்குச் சிரட்டை, அதில் வெள்ளைப் புள்ளி. சட்டையை மட்டைத் தறியில் நெய்யுங்கள். கை விரலுக்கு ஓலை, உடம்புக்கு இரண்டு பனை ஈர்க்குக் கட்டு. பிள்ளைகளுக்கு அது பேய் மாதிரித் தெரியாது, பயிரைக் காக்கிற ஆள்.

பிள்ளைகளோடு செய்யும்போது வெட்டுகளை ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வைத்து, தடித்த நூல் கொடுங்கள். சாக்கூசி கொடுக்க வேண்டாம். நூல் நுனியில் ஒட்டுநாடாவைச் சுற்றினால் அதுவே ஊசி.

ஆந்தைக்குக் கண்ணாகக் குன்றிமணி வைத்தால் எப்படி? சிவப்பில் கறுப்புப் புள்ளி, அசல் கண் மாதிரியே இருக்கும்.

ஓலைப்பெட்டி:

ரீச்சர், குன்றிமணி வேண்டவே வேண்டாம். அது கடும் நஞ்சு. முழுதாக விழுங்கினால் ஓடு உடையாமல் வெளியே போகவும் கூடும், ஆனால் கடித்தாலோ ஊசியால் துளைத்திருந்தாலோ நஞ்சு வெளிவரும். கோப்பதற்குத் துளைக்கத்தானே வேண்டும். பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போகிற பொருளில் அதை வைக்கக் கூடாது. அதோடு விதை என்றாலே வெளிநாட்டுச் சுங்கத்தில் மறிப்பார்கள். தெறி வையுங்கள், அல்லது சிரட்டையைத் தெறியளவு அறுத்து அரத்தால் தேய்த்து வையுங்கள்.

கல்வியங்காடு_ரீச்சர்:

நல்ல வேளை கேட்டேன். சிரட்டைத் தெறியே வைக்கிறேன், நன்றி அக்கா.

கொக்குவில்_நூல்:

வௌவாலுக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். உடைந்த கறுப்புக் குடையில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற துணியை ஒவ்வொரு துண்டாகப் பிரித்தால், ஓரம் உள்வளைந்து வௌவால் செட்டை மாதிரியே வருகிறது. இரண்டு துண்டு இரண்டு செட்டை. உடம்பைக் கறுப்பு, சாம்பல் நூலில் குஞ்சம் வைத்து நெய்தேன். காதுக்கு ஓலையில் இரண்டு முக்கோணம். குடைத்துணி மழைக்குப் பயமில்லை.

இப்போது பிரச்சினை நிறம். கறுப்பு நூல் போதாது. செம்மஞ்சளும் முடியப் பார்க்கிறது. வெள்ளை நூல் கொள்ளையாகக் கிடக்கிறது. வீட்டில் சாயம் போடலாமா?

பாவும்_ஊடையும்:

முதலில் எது அக்ரிலிக், எது பருத்தி என்று பிரியுங்கள். நூற்கட்டில் சுட்டித்தாள் இல்லாவிட்டால் ஒரு துண்டு நுனியைக் குறட்டில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு. பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி மயிர் பொசுங்குகிற மணம் வரும், நெருப்பை எடுத்தால் தானே அணையப் பார்க்கும். அக்ரிலிக் உருகிக் கறுத்த கட்டியாக இறுகும். அக்ரிலிக்கில் வீட்டுச் சாயம் ஏறாது, அதை வெள்ளையாகவே ஆவிக்கும் வலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்திக்குக் கறுப்பு வேண்டுமென்றால் பழைய முறை இருக்கிறது. கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரில் நூலை ஒரு இரவு போடுங்கள். துருப்பிடித்த ஆணிகளைப் பனங்கட்டித் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று கிழமை புளிக்கவிட்ட தண்ணீரில் பிறகு தோயுங்கள். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். ஒரே தோய்ச்சலில் சாம்பல்தான் வரும், காயவிட்டுத் திரும்பத் தோய்க்க வேண்டும். இரும்பு அதிகமானால் காலப்போக்கில் நூல் இற்றுப்போகும், ஆகவே இதைப் பாவுக்குப் போட வேண்டாம்.

மஞ்சளில் தோய்த்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டால் சிவந்து செம்மஞ்சள் பக்கம் வரும். பார்க்க மிக வடிவு, ஆனால் வெயிலில் கெதியாக வெளிறும். உள்ளே மாட்டுகிற பொருளுக்கு மட்டும் சரி. வெளிறாத சிவப்புக்கு இந்த மண்ணில் ஒரு காலத்தில் சாயவேர் இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் வடக்கிலும் மன்னாரிலும் அதைத் தோண்டி எடுப்பது அரசுக்கு வருமானமாக இருந்த தொழில். இன்றைக்கு அதைத் தேடி எடுத்து அலங்காரத்துக்குச் சாயம் போடச் சொல்ல மாட்டேன். ஆனால் யாரிடமாவது அந்தச் சாயமிடும் பக்குவம் தெரிந்த வயதானவர்கள் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள்.

ஓலைப்பெட்டி:

ஓலைக்குச் சாயம் வேண்டுமென்றால் பெட்டிக்காரர் பாவிக்கிற சாயத்தூளையே வாங்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அவித்து எடுங்கள். அந்த நிறங்களைப் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள். ஊதாவும் பச்சையும் ஹலோவீனுக்கு நன்றாகப் பொருந்தும். நிழலில் காயவிட வேண்டும்.

ஸ்காபரோ_மாமி:

அனுப்புவது பற்றி யாரும் சொல்லவில்லையே. பார்சலில் என்ன இருக்கிறது என்று சுங்கப் படிவத்தில் ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள்: நெய்த நூல் அலங்காரம், காய்ந்த பனையோலை, சிரட்டை. வைக்கோல், விதை, மண் ஒட்டிய வேர், பூச்சி அரித்த துவாரம் உள்ள எதுவும் வேண்டாம். கனடா உணவுப் பரிசோதனை முகவரகத்தின் விதியை அனுப்ப முன்னர் ஒருக்கால் பார்த்துவிட்டால் பயமில்லை. அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் கவனம், அங்கே தாவரப் பொருள் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும்.

ஓலைப்பெட்டி:

கட்டுவதற்கு முன்னர் ஓலையும் பன்னாடையும் சேர்ந்த எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஆழ்குளிரூட்டியில் ஒரு கிழமை வையுங்கள். பூச்சியும் முட்டையும் இருந்தால் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், இல்லாவிட்டால் வியர்த்து நனைந்துவிடும்.

கொக்குவில்_நூல்:

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒரு கேள்வி. ஊதாச் சாயம் போட்ட ஓலையை வெள்ளை நூலுக்கு நடுவில் நெய்திருக்கிறேன். அங்கே சாரல் பட்டால் சாயம் ஊறி நூலில் இறங்குமா?

பாவும்_ஊடையும்:

இறங்கலாம் அக்கா, நெய்த பிறகும் சோதிக்க முடியும். வெள்ளைத் துணித் துண்டை நனைத்துப் பிழிந்து, ஓலையின் மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் ஊதா வந்தால் அந்தத் துண்டைக் கதவின் உட்பக்கம் மாட்டச் சொல்லி ஒரு சீட்டு எழுதி வையுங்கள். இனிமேல் சாயம் போடுகிற ஓலையை, கழுவுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிக் காயவிட்டுப் பிறகு நெய்யுங்கள். துணியில் ஒன்றும் ஒட்டாவிட்டால் வெளியே மாட்டலாம்.